சுவரொட்டியில் ஒரு பிழை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த மாசி மாதம் காலமான என் அத்தைக்கு உறவினர்கள் அச்சிட்டு ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில், ‘உயிர்க்கொல்லி நோயான புற்றுநோயுடன் போராடி இயற்கை எய்தினார்’ என்று ஒரு வரி இருந்தது. மதுரைப் பக்கம் துக்கத்துக்கு வருகிறவர்கள் சுவரொட்டியைப் படித்துவிட்டுத்தான் பந்தலுக்குள் நுழைவார்கள் என்பதால், வந்தவர்களில் பாதிப் பேர் ‘கடைசியில அதுதான் கொண்டுபோச்சா?’ என்று கேட்டார்கள். அத்தை இறந்தது 73 வயதில், மாரடைப்பால். புற்றுநோய் கண்டது 1997-இல்; சிகிச்சை முடிந்தபின் அது திரும்ப வரவே இல்லை. நடுவில் அவர் வாழ்ந்த 27 ஆண்டுகளை அந்த ஒரு வரி விழுங்கிவிட்டது.

அத்தை திருப்பரங்குன்றத்தில் பூக்கட்டி விற்றவர். 46 வயதில் இடது மார்பில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டபோது, வலியில்லாததையே நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டு நான்கு மாதம் எவரிடமும் வாய் திறக்கவில்லை. மார்பகப் புற்றுக் கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பதைப் பிற்பாடு பூ வாங்க வந்த பெண்களிடமெல்லாம், மல்லிகையை முழம் போட்டுக்கொண்டே, விலை சொல்லும் அதே குரலில் அவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில்தான் அத்தைக்கு அறுவை சிகிச்சை நடந்தது. பிறகு ஊசி மருந்து, அதன்பின் ஐந்தாண்டுகள், நோய் திரும்பாமலிருக்கத் தமாக்சிபென் மாத்திரை. நோயாளிக்கும் துணைக்குச் செல்பவருக்கும் ரயில்வே தருகிற கட்டணச் சலுகை இல்லாவிட்டால், பாண்டியன் எக்ஸ்பிரஸில் அத்தனை முறை நாங்கள் போய்வந்திருக்க முடியாது. பெரும்பாலும் துணைக்குப் போனவன் நான்தான்.

மார்போடு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டதால், நிணநீர் சரிவர வடியாமல் இடது கை அவ்வப்போது வீங்கும். அந்தக் கையில் ஊசி போடக்கூடாது, ரத்த அழுத்தம் பார்க்கக்கூடாது, காயம் படக்கூடாது. எந்த மருத்துவமனைக்குப் போனாலும் நர்ஸ் கேட்பதற்கு முன்பே வலது கையை நீட்டிவிடுவார். முள்ளுக்குப் பயந்து ரோஜா மாலை கட்டுவதை அடியோடு விட்டுவிட்டார். முகூர்த்த நாளில் கூடுதல் காசு தருகிறேன் என்று வந்தவர்களையும் திருப்பி அனுப்பியிருக்கிறார். மல்லிகையும் பிச்சியும் மட்டும் கட்டினார். கை கனக்கும்போது, திண்ணையில் தலையணை போட்டு முழங்கையை அதன்மேல் உயர்த்தி வைத்துக்கொண்டு கட்டுவார்.

மார்பு எடுத்த இடத்தில் வைத்துக்கொள்ளக் கடையில் விற்கும் செயற்கை மார்பு அவருக்குக் கட்டுப்படியாகவில்லை. பழைய பருத்திச் சேலைத் துணியில் பை தைத்து, இலவம்பஞ்சை அடைத்து, எடைக்கு எடை சரியாக இருக்கவேண்டும் என்று உள்ளே கம்புத் தானியத்தைப் போட்டு, தராசில் அல்ல, இரு உள்ளங்கைகளிலும் வைத்துப் பார்த்தே அளவைக் கண்டுபிடித்தார். சில மாதங்களில் கம்பில் வண்டு விழுந்துவிடும். பையைப் பிரித்துப் புதுக் கம்பு போட்டுத் தைக்கும் நாளில் அவர் அடித்த கேலிகளை ஒரு நாளிதழில் எழுத முடியாது.

‘போராடி’ என்ற சொல்லைக் கண்டிருந்தால் அத்தை சிரித்திருப்பார். ‘நான் எங்கடா போராடுனேன், ஊசி போட்டாங்க, படுத்துக் கெடந்தேன்’ என்று ஒருமுறை என்னிடமே சொன்னார். அவர் உண்மையில் மல்லுக்கு நின்றது வேறோர் இடத்தில். மகளுக்குக் கூடிவந்த சம்பந்தம், ‘தாய்க்கு அந்த நோய் இருந்ததாமே’ என்ற ஒரே கேள்வியில் நின்றுபோனது. மார்பகப் புற்றுநோயில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் என்று மருத்துவர் சொல்லியிருந்ததை எடுத்துச் சொல்லியும் அவர்கள் கேட்கவில்லை. அடுத்த வரன் வந்தபோது, இனியாவது மறைத்துவிடலாம் என்று உறவினர் அனைவரும் வற்புறுத்த, அத்தை பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி கொடுத்த கையோடு தாமே விஷயத்தைச் சொல்லிவிட்டார். அன்று அவர்மேல் எனக்கும் கோபம் வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த இடமே கல்யாணத்தில் முடிந்தது. பேரனுக்கு இப்போது கல்லூரி வயது.

தங்கள் நாளிதழ் உட்பட எல்லாப் பத்திரிகைகளிலும் புற்றுநோய் என்ற சொல்லுக்கு முன்னால் ‘உயிர்க்கொல்லி’ என்ற அடைமொழி பழக்கதோஷத்தில் வந்து ஒட்டிக்கொள்கிறது. சுவரொட்டிக்கு வாசகம் எழுதிக்கொடுத்த என் உறவுக்காரப் பையன் அதை வேறெங்கிருந்தும் எடுக்கவில்லை. இந்நோயால் இறப்பவர்கள் ஏராளம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டு நான்கு மாதம் பேசாமல் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அந்த அடைமொழி மேலும் நான்கு மாதம் பேசாமலிருக்கத்தான் காரணமாகும். எனவே அதை விட்டுவிட்டு எழுதும்படியும், சிகிச்சைக்குப் பின் இருபது, முப்பது ஆண்டுகள் தம் தொழிலைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர்களைப் பற்றியும் அவ்வப்போது செய்தி வெளியிடும்படியும் கேட்டுக்கொள்கிறேன்.

சுவரொட்டியைத் திருத்தி மறுபடி ஒட்டலாம் என்று போய்ப் பார்த்தேன். அதன்மேல் ஒரு காதணி விழாச் சுவரொட்டியை ஒட்டிவிட்டார்கள். ஆகையால் இத்திருத்தத்தைத் தங்கள் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருப்பரங்குன்றம், மதுரை.