வெள்ளைக் கோட்டு இருக்கிறது, வேன்தான் இல்லை

தார் எஸ் சலாம் தமிழ் நண்பர்கள் குழுவினருக்கு வணக்கம்.

பிப்ரவரி 11, அறிவியலில் பெண்களுக்கான உலக நாள். அதற்காகத் தான்சானியாவின் வடமேற்கில் இருக்கும் இந்த முவான்ஸா வரை விமானம் ஏறி வந்து எங்கள் பள்ளியில் விழா நடத்தினீர்கள். ஆய்வகத்துக்கு மைக்ரோஸ்கோப்பும் மின்தடை அளக்கும் மீட்டர் பிரிட்ஜும் வாங்கிக் கொடுத்தவர்களும் நீங்கள்தான். மறக்கவில்லை. மறந்திருந்தால் இந்த மடல் இன்னும் காரமாக இருந்திருக்கும்.

அன்று போட்டோவுக்காகப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டி, டெஸ்ட் டியூபில் கலர்த் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தோம். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, உயரமாக நிற்கிறாளே, அவள் ஜனவரியிலேயே இயற்பியலை விட்டுவிட்டவள். பன்னிரண்டு பேரில் ஏழு பேர் அப்படித்தான். மூன்றாம் படிவத்துக்கு, அதாவது இடைநிலைப் பள்ளியின் மூன்றாம் ஆண்டுக்குப் போகும்போது இயற்பியல், வேதியியல் வேண்டுமா என்று இங்கே கேட்பார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அதற்கு முந்தைய மாதம் வரை என் வகுப்பில் முதல் மார்க் அவளுடையது.

ஏன் என்று கேட்டேன். "பிராக்டிகல் முடிய ஆறு மணி ஆகிறது, மேடம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

ஒரே ஆய்வகம் என்பதால் மேல் வகுப்புகளின் செய்முறை மூன்றரைக்குத்தான் தொடங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆறு மணிக்கு மேல் என்ன நடக்கிறது என்பது தார்ச்சாலை ஓரம் நின்றால்தான் தெரியும். ஒரு நாள் அவளோடு நின்றேன். மாணவர்களுக்கு டிக்கெட் குறைவு. அதனால் யூனிஃபார்மைக் கண்டாலே டாலாடாலா என்கிற மினிபஸ் கண்டக்டருக்கு ஆகாது. முதல் வண்டி நிற்கவே இல்லை. அடுத்ததில் மீன்கூடைக்காரம்மாவை ஏற்றிக்கொண்டு இவளைக் கையால் விலக்கிவிட்டான். மூன்றாவதும் போயிற்று. (நம்மூரில் பஸ் பாஸில் படித்தவள் நான். ஸ்டாப்பிங் தாண்டிப் போய் நிறுத்துகிற டிரைவர்களை எனக்குப் புதிதாக யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம்.) இங்கே அந்தி நீளாது. ஏழு மணிக்கு, அந்தியிலிருந்து எண்ணும் சுவாஹிலிக் கணக்கில் இரவு ஒரு மணி, பொசுக்கென்று இருட்டிவிடும். அப்போது ஒரு போடா போடா, அதாவது வாடகை மோட்டார் பைக், பக்கத்தில் வந்து நிற்கும். "ஏறு தங்கச்சி, காசு வேண்டாம்" என்பான் ஓட்டுகிறவன்.

அந்தக் காசு வேண்டாமுக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊர்த் தாய்மார்களுக்குத் தெரியும். பிள்ளை பெற்ற மாணவி மறுபடி பள்ளிக்கு வரலாம் என்று இந்த நாட்டு அரசு சொன்னதே 2021 நவம்பரில்தான். மூன்றரைக்கு மேல் பள்ளியில் இருக்காதே என்று அவள் அம்மா சொன்னதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

வாரத்தில் செய்முறை நடக்கும் மூன்று நாளும் மாலை ஆறு மணிக்கு ஒரு வேன். நான் கேட்பது அதுதான். வாடகை வேன் போதும். போன வருடம் இரண்டு முறை எழுதினேன். "பெண்களுக்கு முதலில் ஊக்கம் தேவை" என்று பதில் வந்தது.

ஊக்கத்துக்குக் குறைவே இல்லை. விழாவில் லெசோத்தோவில் வளர்ந்த டெபெல்லோ நியோகாங் கதையைச் சொன்னீர்கள். ஒரு நாள் பள்ளி, மறுநாள் ஆடு மேய்ப்பு என்று படித்து, பள்ளி முடிய இரண்டே வருடம் இருக்கும்போது கலைப்பிரிவிலிருந்து அறிவியலுக்குத் தாவியவர். 2009இல் பெண் விஞ்ஞானிகளுக்கான லோரியால்-யுனெஸ்கோ விருது பெற்ற வேதியியலாளர். எல்லோரும் கைதட்டினார்கள். எதிர்த்திசையில் தாவிவிட்ட என் ஏழு பிள்ளைகளும் தட்டினார்கள். பிறகு ஐஐடி மெட்ராஸ் 2023இல் இந்த நாட்டுத் தீவான ஸான்ஸிபாருக்கே வந்துவிட்டது, அதன் தலைமையிலும் ஒரு பெண் என்று பெருமையாகச் சொன்னீர்கள். உண்மைதான். சென்னை ஐஐடி கடல் தாண்டி வந்துவிட்டது. எங்கள் பிள்ளை வீடு போய்ச் சேர எட்டு கிலோமீட்டர் தாண்ட வேண்டும். பந்தல், சாப்பாடு, பேனர், விமான டிக்கெட் எல்லாம் எவ்வளவு ஆகியிருக்கும் என்று மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். வேண்டாம், அந்தக் கணக்கு இங்கே எதற்கு? யானை வாங்கிக் கொடுத்தவர்களிடம் அங்குசம் கேட்கிறேன்.

கோபம் கொஞ்சம் மேலே வந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் அடுத்த தவணை தொடங்குகிறது. அதற்குள் வேன் வந்தால், விட்டுப்போனவர்களை இயற்பியலுக்குத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். தயவுசெய்து ஏற்பாடு செய்யுங்கள்.

பன்னிரண்டு கோட்டையும் துவைத்து என் அலமாரியில் வைத்திருக்கிறேன். இப்போதைக்கு ஐந்துதான் வெளியே வருகின்றன.

பணிவுடன்,
இயற்பியல் ஆசிரியை, முவான்ஸா