கடைமடைக்கும் எண்ணெய் போகட்டும்: செட்டிநாட்டுப் பட்டறை அண்ணன்மார்களுக்கு ஒரு திறந்த மடல்

நம் பக்கத்தில் என்ஜின் வேலையும் கிராங்க் (என்ஜினின் சுழலும் தண்டு) கிரைண்டிங்கும் செய்யும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். பெயரிலேயே செக்கு இருக்கும் காரைக்குடிச் செக்காலையில் குடியிருந்துகொண்டு, எண்ணெய் போகாமல் என்ஜின் செத்தது என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஒரு தடவை என்றால் விதி என்று விட்டிருப்பேன். இரண்டு தடவை அண்ணே.

கார் பழையது, 1.3 லிட்டர் பெட்ரோல். வேகத்துக்காகக் கம்ப்ரஷன் கூட்டி, வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டை மாற்றி, வருஷத்துக்கு இரண்டு மூன்று முறை கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோவேன். அங்கே நிமிடத்துக்கு 7,000 சுற்றில் விரட்டித் திரும்பிய ஒரு சாயங்காலம், இரண்டாவது சிலிண்டரின் பிக் எண்ட் பேரிங் (பிஸ்டன் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங்) தட்ட ஆரம்பித்தது. உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் விட்டேன். கிராங்க்கை 0.25 மி.மீ. கிரைண்ட் செய்து புது ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) போட்டார்கள். "பம்ப் வீக்கு தம்பி. ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு ஒரு வாஷர் வச்சிருக்கேன், ஆயிலும் திக்கா ஊத்திக்க" என்றார் மேஸ்திரி. அழுத்தம் மிஞ்சினால் திறந்துவிடும் வால்வு அது. ஆயில் பிரஷர் கேஜ் முள் முன்னைவிட உயரத்தில் நின்றது. எனக்கும் சந்தோஷம். 700 கிலோமீட்டரில் அதே பேரிங் மறுபடி போனது.

கண்மாய் ததும்பி நின்றாலும் வாய்க்கால் நடுவில் தூர்ந்திருந்தால் கடைமடை வயல் வெடித்துத்தான் கிடக்கும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். பிக் எண்ட் பேரிங்தான் என்ஜினின் கடைமடை. பம்ப், ஃபில்டர், கேலரி என்னும் பெரிய எண்ணெய் வழி, பிளாக்கில் இருக்கும் ஓட்டை, கிராங்க்கைப் பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங் ஷெல்லின் ஓட்டை, கிராங்க்குக்குள் சாய்வாகப் போகும் துளை, இத்தனையும் தாண்டித்தான் எண்ணெய் அங்கே போய்ச் சேர வேண்டும். கேஜ் காட்டுவதோ கேலரியின் அழுத்தத்தை மட்டும். கண்மாய் மட்டத்தைப் பார்த்துவிட்டு வயல் விளைந்திருக்கும் என்று நம்பின கதைதான் என் கதை.

இரண்டாம் தடவை என் வீட்டுக் கொட்டகையிலேயே பிரித்தேன். அந்த இரண்டாவது சிலிண்டர் ராடுக்கு எண்ணெய் அனுப்பும் மெயின் ஷெல்லை பிளாக்கில் உட்கார வைத்துப் பார்த்தால், இரண்டு ஓட்டைகளும் பொருந்தவில்லை; பாதியை ஷெல் மூடிக்கொண்டிருந்தது, பிறை நிலா மாதிரி ஓர் இடுக்குதான் மிச்சம். கிரைண்டிங் முடிந்த கிராங்க்கில் எண்ணெய்த் துளையின் விளிம்பு கத்தி மாதிரி நின்றது. துளைக்குள் கம்பி விட்டு இழுத்தால் கிரைண்டிங் தூள் கருப்பாக வந்தது. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளியைக் காட்டும் மெல்லிய இழை) வைத்து அளந்தேன். அந்த மெயினில் 45 மி.மீ. ஜர்னலுக்கு (கிராங்க்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி), ஆயிரத்தில் ஒன்று என்ற பழைய கணக்குப்படி 0.045 மி.மீ. இடைவெளி போதும், அதாவது ஏ4 தாளின் தடிமனில் பாதி. அங்கே இருந்தது 0.09. இடைவெளி இரண்டு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு ஆகும் அண்ணே. முதல் மடையிலேயே உடைத்துக்கொண்டு போனால் கடைமடைக்கு என்ன மிஞ்சும்?

இதற்கு வாஷர் வைத்து என்ன பயன்? பம்ப் கொடுக்கும் 4, 5 பார் அழுத்தம் கிராங்க்கைத் தாங்குவதில்லை. சுழலும் ஜர்னல் எண்ணெயை ஆப்பு மாதிரி இடுக்குக்குள் இழுக்கிறது. அந்த ஆப்பில் எழும் பல நூறு பார்தான் தாங்குகிறது. பம்பின் வேலை ஆப்புக்குக் குறையாமல் எண்ணெய் ஊட்டுவதும், அந்த எண்ணெய் சூட்டை வெளியே கொண்டுபோகும்படி பார்த்துக்கொள்வதும். எண்ணெய் கெட்டியானால் முள் ஏறும், ஓட்டம் குறையும்.

ஒருவர் மெயினின் கீழ் ஷெல்லிலும் பள்ளம் வெட்டிவிடலாம் என்றார். தயவுசெய்து வேண்டாம். மேல் ஷெல்லில் மட்டும் பள்ளம் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது: அடி விழுவது கீழ் ஷெல்லில். அங்கே பள்ளம் வெட்டினால் ஆப்பு இரண்டு துண்டாகி வலு போய்விடும்.

நான் செய்தது பெரிய வித்தை இல்லை. ஷெல்லை உட்கார வைத்து மார்க்கர் பேனாவால் குறித்து, பிளாக் பக்க ஓட்டையைச் சின்ன ரவுண்டு அரத்தால் திறந்தேன். கிராங்க் துளைகளின் விளிம்பை மழித்து, எமரியால் மெருகு போட்டேன். கேலரியின் டம்மி பிளக்குகளைக் கழற்றி, பிரஷ் விட்டுக் கழுவினேன். வாஷர் குப்பைக்குப் போனது. என்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் சேம்பருக்குள் தகடு வைத்துத் தடுப்பும் கட்டினேன். வளைவில் பக்கவாட்டு விசை புவியீர்ப்புக்குச் சமமானால் எண்ணெய் மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும், பம்ப் காற்றைத்தான் குடிக்கும். அரைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

உங்களிடம் கேட்பது இதுதான். கிரைண்டிங் முடிந்ததும் துளை விளிம்பை மழியுங்கள், துளைக்குள் பிரஷ் விட்டுக் கழுவுங்கள். ஷெல் ஓட்டை பிளாக்கோடு பொருந்துகிறதா என்று மாட்டும் முன் பாருங்கள். ஒவ்வொரு ஜர்னலின் இடைவெளியையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி பில்லோடு கொடுங்கள். அரை நாள் வேலை கூடுதல்தான், கூலியைக் கூட்டிக் கேளுங்கள். இரண்டு தடவை கிராங்க் வேலைக்கு அழுததைவிட அது குறைவாகத்தான் இருக்கும்.

போன பேரிங் இரண்டு ஜோடியையும் எறியாமல் வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள். டீ என் செலவு.

இப்படிக்கு,
செக்காலைவாசி ஒருவன்