மாலை நான்கு மணிக்கான மேப்

கோலாலம்பூர்,
மார்ச் 14

அன்புள்ள சேகர்,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தீபாவளிக்கு நீ எழுதிய நீண்ட கடிதத்துக்கு இன்றுவரை பதில் எழுதாதது என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது, உன்னை விசாரித்தார். மணியம் அண்ணன் செந்தூல் பட்டறையை இன்னும் விடவில்லை. "இந்த வருஷத்தோடு சரி" என்று இந்த வருஷமும் சொல்லிவிட்டார். மற்றவற்றை நேரில் பேசிக்கொள்ளலாம். இன்று நான் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஒன்றுதான்: கவினுடைய காரின் என்ஜின் போய்விட்டது.

அடுத்த ஆண்டு ஊர் திரும்பியதும் அதே காரை வாங்கி, இங்கிலாந்தின் லெஸ்டரில் உன் காரில் ஓடும் அதே ஸ்டேஜ் 2 மேப்பை, அதாவது என்ஜினின் கணினிக்குக் கட்டளையிடும் அந்தக் கோப்பை, இங்கேயும் போட்டுக்கொள்ளப் போவதாக நீ எழுதியிருந்தாய். நீ சொன்னதைக் கேட்டுத்தான் கவினும் அதைப் போட்டான். உன்மேல் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவன் கேட்டபோது நானும்தான் தலையாட்டினேன். ஆனால் நடந்தது என்னவென்று நீ முழுவதும் தெரிந்துகொள்ள வேண்டும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அவன் ஜாலான் டூத்தா பக்கமிருந்து கிளம்பியிருக்கிறான். வெளியே 35 டிகிரி வெயில். கோம்பாக் டோல் சாவடியைத் தாண்டுவதற்குள் நாற்பது நிமிடம் ஊர்ந்திருக்கிறான். டோலைத் தாண்டியதும் சாலை காலியாக இருக்கவே, கெந்திங் செம்பா சுரங்கப்பாதையை நோக்கி ஏறும் மேட்டில் ஐந்தாவது கியரில் மிதியைத் தரையோடு அழுத்தியிருக்கிறான். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. சரளைக்கல்லை டின்னில் போட்டுக் குலுக்குவதுபோல் ஒரு சத்தம், பிறகு பின்னால் நீலப் புகை. மணியம் அண்ணன் சிலிண்டர்களின் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனைப் பார்த்தபோது மற்ற மூன்றும் 170 பிஎஸ்ஐ அளவில் நின்றன, மூன்றாவது சிலிண்டர் மட்டும் 60ஐத் தாண்டவில்லை. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டனையும் வெளியே எடுத்துப் பார்த்ததில், பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் மேடு பிறை வடிவில் உடைந்து கிடந்தது. அந்தத் துண்டை என் மேசைமேல் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காற்றை அழுத்தி என்ஜினுக்குள் திணிப்பது டர்போ; அது கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு மேல் தரும் கூடுதல் அழுத்தம், அதாவது பூஸ்ட், ஒரு பார் என்று வைத்துக்கொள். காற்றை அழுத்தினால் சூடாகும். டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசரின் திறன் 70 விழுக்காடு என்றால், உன் ஊரின் 8 டிகிரிக் காற்று டர்போவைவிட்டு வெளியே வரும்போது ஏறத்தாழ 96 டிகிரியாகிவிடும். எங்கள் 35 டிகிரிக் காற்று 131 டிகிரியில் வெளியே வரும். கவனித்தாயா, வெளியே இருந்த வேறுபாடு 27 டிகிரி, டர்போவுக்குப் பிறகு அது 35 டிகிரி. சூடான காற்றை அழுத்தினால் அது இன்னும் கூடுதலாகச் சூடேறுகிறது. டர்போவுக்கும் என்ஜினுக்கும் நடுவே காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் இதைக் குறைக்கும்; ஆனால் வெளிக்காற்றைக் கொண்டு குளிர்விக்கும் இன்டர்கூலர் எவ்வளவு பெரியதானாலும் அந்த வெளிக்காற்றின் வெப்பத்துக்குக் கீழே எதையும் கொண்டுபோக முடியாது. அதன் திறனையும் 70 விழுக்காடு என்று எடுத்துக்கொண்டால், உன் என்ஜினுக்குள் நுழைவது 34 டிகிரிக் காற்று, கவினுடையதில் 64 டிகிரி. அதே பூஸ்ட், அதே மேப். ஆனால் ஒவ்வொரு மூச்சிலும் ஒன்பது விழுக்காடு குறைந்த காற்று.

இது சாலை திறந்து ஓடிக்கொண்டிருக்கும் காருக்கான கணக்கு. நாற்பது நிமிட நெரிசலுக்குப் பிறகு இன்டர்கூலர் முழுவதும் சூட்டில் ஊறிப்போயிருக்கும். முன்னால் நிற்கும் லாரியின் புகையும் ஏர்கண்டிஷன் கண்டென்சரின் அனலும் அதைச் சுற்றியே கிடக்கும். போதாதற்கு, தொழிற்சாலையில் கொடுத்த மூடிய பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, பானெட்டுக்குள்ளேயே திறந்து நிற்கும் கூம்பு பில்டரை அவன் மாட்டியிருந்தான். அது மூச்சிழுப்பது என்ஜின் அறையின் காற்றை. 55 டிகிரியில் உள்ளே போகும் காற்று டர்போவைவிட்டு 158 டிகிரியில் வெளியேறும். அதே நிலையில் மேட்டில் முழு மிதி!

சக்தி குறைவது எனக்குக் கவலையில்லை, சேகர். ஒன்பது விழுக்காடு குறைந்தால் குறைந்துவிட்டுப் போகட்டும். கவலை நாக் பற்றியது. சூடான காற்று-பெட்ரோல் கலவை, தீப்பொறியிலிருந்து பரவிவரும் சுடர் வந்து சேர்வதற்கு முன்பே தானாக வெடித்துவிடுகிறது. தொழிற்சாலை மேப்பாக இருந்தால் நாக் சென்சர் அதைக் கேட்டவுடன் என்ஜினின் கணினியான ஈசியு, தீப்பொறி விழும் நேரத்தை, அதாவது இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளும், வெப்பம் ஏற ஏறப் பூஸ்டையும் தணிக்கும். கார் சற்று மந்தமாகும், என்ஜின் பிழைக்கும். நம் ஊர்ச் சாலையில் மதியத்தில் டர்போ கார் ஓட்டுகிற எவரும் அந்த மந்தத்தை அறிவார்கள். அதைக் குறை என்று எண்ணிப் பட்டறைக்குப் போகிறார்கள், அதுதான் காவல்.

கவினுக்கு மேப் போட்டவர்கள் அந்தக் காவலை நீக்கியிருந்தார்கள். கோப்பைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். நாக் சென்சரின் கூர்மையைக் குறைத்திருக்கிறார்கள், அதாவது அதன் காதைப் பொத்திவிட்டார்கள். காற்றின் வெப்பத்துக்கேற்ப டைமிங்கைக் குறைக்கும் அட்டவணையையும் ஏறக்குறைய வெறுமையாக்கியிருக்கிறார்கள். சக்தியை அளக்கும் டைனோ கருவியின் தாளில் எண் பெரியதாக வர வேண்டும் என்பதற்காக! அந்தத் தாளையும் பார்த்தேன். இரவு ஒன்பது மணிக்கு, பானெட்டைத் திறந்து வைத்து, எதிரே விசிறியை ஓடவிட்டு எடுத்த எண் அது. அதையும் 25 டிகிரி வெப்பநிலைக்குத் திருத்திக் கூட்டி அச்சிட்டிருக்கிறார்கள். அந்தத் திருத்தம் டர்போ இல்லாத என்ஜின்களை மனத்தில் வைத்து வந்தது. பூஸ்டைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும் காருக்கு அது இல்லாத குதிரைத்திறனைச் சேர்த்துக் கொடுத்துவிடும். இருபத்தாறு வயதுப் பையன் அந்தத் தாளைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பெட்ரோலும் இதில் சேர்ந்துகொண்டது. நாக் வராமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் எண் ரோன்; உனக்கு 99 ரோன் கிடைக்கிறது. இங்கே எந்த நிலையத்திலும் கிடைக்கும் உயர்ந்த எண் ரோன் 97. ரோன் 100 சில இடங்களில் மட்டும். உன் பெட்ரோலுக்கு எழுதிய டைமிங் எங்கள் பெட்ரோலில் குளிர்ந்த நாளிலேயே விளிம்பில்தான் நிற்கும். எங்கள் காற்றின் ஈரப்பதம்தான் காரைக் கெடுக்கிறது என்று நீ முன்பு வாதிட்டாய். அது பாதி உண்மை. 33 டிகிரியில் 70 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால், காற்றில் மூன்றரை விழுக்காட்டு இடத்தை நீராவி பிடித்துக்கொள்கிறது, அந்த அளவு ஆக்சிஜன் குறைகிறது. ஆனால் அதே நீராவி எரிதலின் வேகத்தைத் தணித்து, நாக் வருவதையும் சற்றுத் தடுக்கிறது. எங்கள் ஊரில் அடைமழை மாதங்களைவிட இந்தப் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் வறண்ட வெயில்தான் எனக்கு அச்சம் தருகிறது.

நம் கஞ்சில் கார் நினைவிருக்கிறதா? டைஹாட்சு மிரா காரின் 660 சிசி டர்போ என்ஜினை அதில் ஏற்றிவிட்டு, செந்தூலில் பகலில் இழுக்கவில்லை என்று மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். நள்ளிரவில் கெந்திங் மலை ஏறியபோது அது வேறு வண்டியாகிவிட்டது. உச்சியில், 1,800 மீட்டர் உயரத்தில், காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஆனால் டர்போ இன்னும் வேகமாகச் சுழன்று அந்தக் குறையை ஈடுகட்டியது, குளிர் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. மறுநாள் மதியம் நீ இன்டர்கூலர்மேல் ஈரத் துண்டைப் போட்டாய். பத்து நிமிடம் வேலை செய்தது. நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பத்தை அன்றைக்குத்தான் நாம் கையால் தொட்டு அறிந்தோம். அந்தத் துண்டு யாருடையது என்பதை அண்ணி இன்றும் மறக்கவில்லை. அப்போது நமக்கு மேப்பும் தெரியாது, கணினியும் தெரியாது. ஆனால் வெயிலை மதித்தோம்.

கவினுடைய என்ஜினை மணியம் அண்ணன் மீண்டும் கட்டிவிட்டார். மூடிய பில்டர் பெட்டி திரும்பி வந்துவிட்டது. இன்டர்கூலரைப் பெரிதாக்கினோம், ஆனால் கண்டென்சரையும் ரேடியேட்டரையும் மறைத்துவிடும் அளவுக்கு இல்லை, ஏனென்றால் அப்படிச் செய்தால் உள்ளே ஆளும் வேகும், என்ஜின் தண்ணீரும் கொதிக்கும். ஒரு படி குளிர்ந்த ஸ்பார்க் பிளக் போட்டாயிற்று. பூஸ்டைக் குறைத்து, நாக் சென்சருக்கு அதன் காதைத் திருப்பிக் கொடுத்து, புதிய மேப்பை மாலை நான்கு மணிக்கு, நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்த பிறகு, சாலையிலேயே பதிவெடுத்துத் திருத்தினோம். பழைய தாளைவிட முப்பது குதிரைத்திறன் குறைவு. அவன் முதலில் முகம் சுளித்தான். அதே மேட்டில் அதே நேரத்தில் ஒரு முறை ஏறிவிட்டு வந்தபின் ஒன்றும் பேசவில்லை.

உன்னிடம் இரண்டு வேண்டுகோள். ஊருக்கு வந்ததும் அந்தக் கோப்பை இங்கே எந்தக் காரிலும் ஏற்றாதே. முதலில் என்னோடு ஒரு வெயில் மாலையில் கோம்பாக் வரை வா. அடுத்து, இந்தக் கிழமையே ஒரு குளிர்ந்த காலையில் மூன்றாவது கியரில் நிமிடத்துக்கு 2,500 சுழற்சியிலிருந்து 6,000 வரை உன் காரின் பதிவை எடுத்து அனுப்பு: உள்ளே போகும் காற்றின் வெப்பம், பூஸ்ட், ஒவ்வொரு சிலிண்டரிலும் டைமிங் எவ்வளவு பின்வாங்கியது என்பது, மூன்றும் வேண்டும். கவினுடைய பதிவை அதன் பக்கத்தில் வைத்து அவனுடைய நண்பர்களுக்குக் காட்டப் போகிறேன். அவர்களில் நான்கு பேர் அதே மேப்போடு இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
லோகா