போர் விளையாட்டுகளின் விதிகளுக்கும் விமர்சனம் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விளையாட்டுகள் தமிழ் நாளிதழ்களில் இடம்பெறுவது பெரும்பாலும் இரண்டே காரணங்களுக்காக: பிள்ளைகள் அவற்றுக்கு அடிமையாகிறார்கள் என்ற கவலை, அல்லது போட்டியில் வென்றவருக்குக் கிடைத்த பரிசுத் தொகை. திரைப்படத்துக்கும் நாவலுக்கும் எழுதப்படுவது போன்ற விமர்சனம், குறிப்பாகப் போர் உத்தி விளையாட்டுகளுக்கு, எழுதப்படுவதே இல்லை. அவற்றில் விமர்சகர் முதலில் பார்க்க வேண்டியவை விதிகள் என்பது என் கருத்து. போரில் வெற்றியை எது தீர்மானிக்கிறது என்பதைப் பற்றி ஆட்டத்தை ஆக்கியவர் என்ன நினைக்கிறார் என்பது, காட்சிகளைவிட விதிகளில்தான் வெளிப்படுகிறது.

1999-இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' ஆட்டத்தில், 2022-இல் வந்த ஓர் இணைப்பின் வழியாகத் திராவிடர் என்ற தரப்பு சேர்ந்தது. அதன் வீரர்கள் தமிழில் பேசுகிறார்கள். ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள் தனித் தொடராகவே உள்ளன. வண்ணாரப்பேட்டைப் பையன்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். எனக்கும் காது குளிர்ந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் என்னைக் கவர்ந்தது, அந்தத் தரப்புக்குக் கனத்த கவசக் குதிரைப்படை கிடையாது என்ற விதி. அதற்குப் பதிலாகக் காலாட்படையும் கப்பலும் யானையும் வலுவாகத் தரப்பட்டுள்ளன. நல்ல குதிரைகள் பாண்டிய நாட்டுக்குக் கடல் வழியாகவே வந்து சேர்ந்ததை மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தட்டுப்பாட்டை வசனம் ஏதுமின்றி, லாயத்தில் ஒரு படைவகையை இல்லாமல் ஆக்கியே உணர்த்திவிடுவது தேர்ந்த வேலை.

அதே ஆட்டத்தில் யானைக்குத் தீனி ஒரே ஒரு முறைதான். படையில் சேர்க்கும்போது உணவைக் கொடுத்துவிட்டால் போதும், பிறகு ஆட்டம் முடியும்வரை அது பசி அறியாது. எங்கள் தெருப் பையன் ஒருவன் யானைக் கூட்டம் முழுவதையும் மவுஸால் ஒரே கட்டத்துக்குள் வளைத்து, வரைபடத்தின் மறுகோடியில் இருந்த மதிலின்மேல் சொடுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான். திரும்பி வருவதற்குள் மதில் இடிந்துகொண்டிருந்தது. வழியில் புல் உண்டா, ஆறு உண்டா, ஊரார் நெல்லை ஒளித்துவிட்டார்களா என்ற கேள்வி எதற்கும் அங்கே இடமில்லை. 1025-இல் சோழர் படை ஸ்ரீவிஜயத்துக்குச் சென்றதைப் பற்றிய எந்த ஆட்டமும் பருவக்காற்றை விட்டுவிட்டால், அந்தப் படையெடுப்பின் பாதி வியப்பை இழந்துவிடும்.

தீனியும் காற்றும் போரின் முடிவை மாற்றும் என்பதற்கு எங்கள் வடசென்னையே சாட்சி. 1758 டிசம்பரில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை அன்றைய கறுப்பர் நகரத்தை, அதாவது இன்றைய ஜார்ஜ் டவுனை, எளிதில் பிடித்துக்கொண்டு கோட்டையை முற்றுகையிட்டது. ஆனால் லாலியிடம் பணம் இல்லை. பிரெஞ்சுக் கப்பற்படையோ அதற்கு முன்பே மொரீஷியஸ் பக்கம் போய்விட்டிருந்தது. பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் கண்ணில் பட்டதும் அவர் முற்றுகையைக் கைவிட்டார். இதைப் பீரங்கிகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஓர் ஆட்டமாக்கினால், லாலி ஏன் தோற்றார் என்பது ஆடுபவருக்குக் கடைசிவரை விளங்காது. அட்டையில் ஆடும் போர் விளையாட்டுகள் பலவற்றில், உணவும் வெடிமருந்தும் வரும் பாதை அறுந்துவிட்டால் படையின் வலிமை குறையும் என்ற விதி இருக்கிறது. மந்தமான விதிதான், ஆனாலும் கணினி ஆட்டங்கள் பலவற்றைவிட உண்மைக்கு நெருக்கமானது.

விதியை வளைப்பதன் விளைவுக்கும் சான்று உண்டு. 1824-இல் பிரஷ்ய (பழைய ஜெர்மானிய அரசு ஒன்றின்) ராணுவம் பயிற்சிக்காக ஏற்றுக்கொண்ட போர் விளையாட்டில் பகடையும் நடுவரும் இருந்தனர். பிற நாட்டு ராணுவங்களும் பின்னர் அதைப் பின்பற்றின. 1942 மே மாதம் ஜப்பானியக் கடற்படை, பசிபிக் கடலில் அமெரிக்கர் வசமிருந்த மிட்வே தீவின் மீதான தாக்குதலை அப்படி ஆடிப் பார்த்தபோது, தங்கள் விமானந்தாங்கிக் கப்பல்களுக்கு நடுவர் விதித்த சேதத்தை உயர் அதிகாரி ஒருவர் குறைத்துவிட்டார். மூழ்கியதாக அறிவிக்கப்பட்ட கப்பலும் மீண்டும் ஆட்டத்துக்கு வந்தது. அடுத்த மாதம் உண்மைப் போரில் ஜப்பானின் நான்கு விமானந்தாங்கிக் கப்பல்கள் மூழ்கின.

எனவே தங்கள் ஞாயிறு இணைப்பில், திரை விமர்சனத்துக்குப் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது அரைப் பக்கம் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுதுபவர் அந்த ஆட்டத்தைத் தோற்கும் தரப்பிலிருந்தும் ஒரு முறையாவது ஆடி முடித்தவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21