கிளிப் சவுரி வைக்கும் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கினால் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கிளிப் சவுரி வாங்கும் பிள்ளைகள் அதிகம், ஆனால் எப்படி வைப்பது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. உங்கள் மகளிர் பக்கத்தில் படத்தோடு போடுங்களேன்.

வாங்கும்போது நிறத்தை உங்கள் முடியின் நுனியோடு ஒப்பிடுங்கள், சவுரி கலப்பது அங்கேதான். பிடரியில் தொடங்கி மேலே போக வேண்டும். சீப்பின் வால்முனையால் குறுக்கே வகிடு எடுத்து, மேல் முடியைத் தூக்கிக் கட்டிவிட்டு, வேரோரத்தில் சீப்பைத் தலைப்பக்கமாக இரண்டு மூன்று முறை தள்ளிக் கொஞ்சம் சிக்காக்குங்கள். கிளிப்பின் பற்கள் அந்தச் சிக்கில்தான் பிடிக்கும். அன்று எண்ணெய் வேண்டாம், வழுக்கிவிடும். நெற்றியோரம் போடவே கூடாது, அங்கே முடி மெலிசு, கிளிப்பும் தெரியும். போனிடெயில் கட்டுவதென்றால் பிடரி வரிசையைத் தலைகீழாக மாட்டுங்கள்.

சூடு தாங்கும் என்று எழுதியிராத செயற்கை முடியில் சுருட்டும் கருவியை வைக்காதீர்கள், உருகிவிடும். மனித முடி மிதமான சூட்டைத் தாங்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியம், தூங்கும் முன் கழற்றிவிடுங்கள். தலை வலித்தால் அப்போதே. ஒரே இடத்தில் நாள்தோறும் வேர் இழுபட்டால் முடி கொட்டும், நாளடைவில் திரும்ப முளைக்காமலும் போகலாம். மல்லிகைச் சரத்தைக்கூடச் சொந்த முடியில் குத்துங்கள், சவுரியில் குத்தினால் அந்தக் கனமும் கிளிப்பில்தான் தொங்கும்.

கடைக்காரர்களே, பெட்டிக்குள் தமிழில் ஒரு செய்முறைத் தாள் வையுங்கள்.

வாசகி,
கோலாலம்பூர்