குவேஷி தொங்குபாலம்: வருகிறவர்கள் பெயர் கொடுங்கள்

நண்பர்களே, வணக்கம். டிசம்பர் இரண்டாவது சனி, ஞாயிறு குவேஷி போகிறோம். கர்நாடகத்தின் காளி புலிகள் காப்பகத்துக்குள், காசில் ராக் பக்கம். வெள்ளி இரவு பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் நிலையத்திலிருந்து ஹூப்ளிக்கு பஸ், அங்கிருந்து வேன்.

பாலம் சுமார் 240 மீட்டர் நீளம், தரையிலிருந்து 30 அடி உயரம். அந்தக் காட்டின் பெரிய மரங்களுக்கு அது பாதி உயரம்கூட இல்லை. ஆனாலும் கீழே நடக்கும்போது கிடைக்காத காட்சி அங்கே கிடைக்கும். அத்தி பழுத்திருந்தால் இருவாச்சிப் பறவை வரும், அதனால் பேச்சைக் குறைத்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

வனத்துறை வழிகாட்டி சொல்வதுதான் சட்டம். ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நடக்க வேண்டும். எல்லோரும் ஒரே தாளத்தில் காலடி வைத்தால் ஆட்டம் கூடும். பாலத்தின் நடுவில் நின்று செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

உயரம் என்றால் பயப்படுகிறவர்கள் தயங்காமல் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் பழகிய ஆட்களை நிறுத்துகிறேன். பிடிமானமுள்ள ஷூ கட்டாயம், அப்புறம் அடையாள அட்டை. பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம்.

வருகிற ஞாயிறு இரவுக்குள் பெயர் போடுங்கள், டிக்கெட் எடுக்க வேண்டும்.