காரைக்குடியில் ஒரு வடிவமைப்பு விழா வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பெருநகரங்களில் கட்டடக்கலை ஆர்வலர்கள் கூடி நவீன வீடுகளையும், நாம் தினமும் புழங்கும் பொருள்களின் வடிவமைப்பையும் கொண்டாடுகிறார்கள். செட்டிநாட்டில் ஏன் அப்படி ஒன்று நடக்கக் கூடாது? செட்டிநாடு என்றாலே பர்மா தேக்குத் தூணையும் முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சையும் மட்டும் காட்டி முடித்துவிடுகிறோம். ஆனால் 1930, 40களில் இங்கே கட்டப்பட்ட ஆர்ட் டெகோ பாணி வீடுகள், அதாவது வடிவியல் கோடுகளும் வளைந்த மூலைகளும் கொண்ட வீடுகள், அந்தக் காலத்துக்கு முழுக்க நவீனமானவை. அவற்றை நின்று பார்ப்பவர்கள் குறைவு, இடிப்பவர்கள்தான் அதிகம். எனக்கு மனசு ஆறவில்லை.

அப்புறம், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ண சிமென்ட் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் நிரப்பி, காய்ந்ததும் தண்ணீரில் போட்டு எடுக்கிறார்கள். சூளையே கிடையாது, பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. பனை ஓலையில் முடையும் கூடையான கொட்டான், 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலை எல்லாமே அன்றாட வடிவமைப்புதான்.

பெரிய மேடை, பொன்னாடை எதுவும் வேண்டாம். கல் செய்பவரும் கொட்டான் முடையும் பெண்களும் பேசட்டும், கட்டடக்கலை மாணவர்கள் உட்கார்ந்து கேட்கட்டும். மார்கழியில் இரண்டு நாள் போதும், எங்கள் வீட்டு முகப்பையும் உள்முற்றமான வளவையும் அதற்குத் திறந்துவிடத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடி வாசகர்